இறங்கித் தள்ளினால் என்ன குறைந்துவிடும்?

சேலத்தில் சைக்கிள் மறுபடியும் வந்துவிட்டது. எங்கள் காலத்துச் சைக்கிள் இல்லை. கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, மட்கார்டு கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் உடம்போடு ஒட்டிய பனியனுமாக அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். அதில் பாதிப் பேர் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். தொப்பையைக் குறைக்க வந்தவர்கள், டாக்டர் சொல்லி வந்தவர்கள், சும்மா ஆசைக்கு வந்தவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. எனக்கு அதில் சந்தோஷம்தான். 67 வயதில் நானும் வாரம் இரண்டு நாள் அந்தச் சாலையில் இருப்பவன்.

என் சண்டை அவர்களோடு இல்லை, சைக்கிளோடும் இல்லை. மேலே ஏரிக்கரையில் சைக்கிளைச் சாய்த்துவைத்துப் போட்டோ எடுத்து, அதன் கீழே எழுதுகிறார்களே ஒரு வரி, "நிற்காமல் ஏறினேன்" என்று, அந்த வரியோடுதான் என் சண்டை. இருபத்தைந்து வயதுப் பையன் அதை எழுதினால் ரசித்துவிட்டுப் போகலாம். ஐம்பது வயதுக்காரர் எழுதும்போது, அதைப் படிக்கிற இன்னொரு ஐம்பது வயதுக்காரருக்கு அது ஒரு கட்டளையாக ஆகிவிடுகிறது. நின்றால் கேவலம், இறங்கித் தள்ளினால் அதைவிடக் கேவலம் என்று ஒரு சட்டம் யாரும் எழுதாமலே அமலுக்கு வந்துவிட்டது.

இந்தச் சட்டம் எனக்குத் தெரிந்த ஒருவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்கிறேன். என்னோடு பள்ளியில் கணக்கு எடுத்தவர், என்னைவிடப் பல வருஷம் இளையவர். அப்போது அவருக்கு 53 வயது. சர்க்கரை உண்டு, மாத்திரை போடுகிறார். ஒரு சைக்கிள் குழுவில் சேர்ந்து நாலு மாதம் சமதரையில் ஓட்டினார். ஐந்தாவது மாதம் ஏற்காடு. பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் நிற்கலாமா என்று கேட்டிருக்கிறார். கூட வந்த பையன்கள் கெட்டவர்கள் இல்லை, அன்பாகத்தான் சொன்னார்கள்: "சார், நின்னா கணக்குல வராது சார். இன்னும் எட்டே வளைவுதான், விட்டுடாதீங்க." அவரும் விடவில்லை. மேலே போனதும் நெஞ்சு பாரமாக இருந்தது. வாயுவாக இருக்கும் என்று ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அதே சைக்கிளில் அவரைக் கீழே இறங்கவும் விட்டார்கள். அன்று மாலை ஆஸ்பத்திரியில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார், நன்றாக இருக்கிறார். ஆனால் அவர் வீட்டு அம்மா மறுவாரமே சைக்கிளை விற்றுவிட்டார். இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் எல்லோரையும்விட நடக்கவும் மிதிக்கவும் ஆசையாக இருந்த மனிதர் அவர்.

இதில் இரண்டு கட்சிகள் உண்டு என்பதைக் கவனியுங்கள். ஒரு கட்சி, நின்றால் கணக்கில் வராது என்கிறது. இன்னொரு கட்சி, இந்த வயசில் மலையும் சைக்கிளும் எதுக்கு என்கிறது. பார்த்தால் எதிரும் புதிருமாகத் தெரியும். எனக்கு இரண்டும் ஒன்றுதான். மலை என்றாலே மூச்சு முட்ட ஏறுவது என்றுதான் இரண்டு பேரும் நினைக்கிறார்கள். ஒருவர் அதனால் துரத்துகிறார், மற்றவர் அதனால் தடுக்கிறார். மெதுவாகவும் ஏறலாம் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன் என்பதால் ஒரு சின்னக் கணக்குப் போட அனுமதி கேட்கிறேன். ஆள் 70 கிலோ, சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 15 கிலோ, மொத்தம் 85 கிலோ என்று வையுங்கள். நூறு மீட்டர் போனால் எட்டு மீட்டர் உயர்கிற ஏற்றம். இந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டும், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 220 வாட் வேண்டும். 8 கிலோமீட்டர் என்றால் 150 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. 5 கிலோமீட்டர் என்றால் 93 வாட் போதும். காற்றும் சாலையின் உராய்வும் இந்த வேகங்களில் கொஞ்சம்தான் கூட்டும். பழக்கமில்லாத ஐம்பது வயது உடம்பு ஒரு மணி நேரம் சிரமமில்லாமல் தரக்கூடியது 100 வாட்டை ஒட்டித்தான். மலை அதேதான், ஆளும் அதே ஆள்தான். வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தால் இதயத்தின் மேல் விழுகிற வேலையும் பாதிக்கும் கீழே குறைகிறது. எத்தனை வாட் வேண்டும் என்பதை மலை தீர்மானிக்கவில்லை, உங்கள் அவசரம்தான் தீர்மானிக்கிறது.

கியர் எதற்கு என்பதும் இதே கணக்கில் வந்துவிடும். பழைய கறுப்புச் சைக்கிளில் பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி ஏறக்குறைய ஐந்து மீட்டர் போகும். நிமிஷத்துக்கு நாற்பது சுற்றாவது சுற்றினால்தான் ஏற்றத்தில் வண்டி நிதானமாக நிற்கும். நாற்பது சுற்று என்றால் 200 மீட்டர், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர். அங்கேயே 220 வாட் வந்துவிட்டது. அதனால்தான் நம் அப்பா காலத்தில் எல்லோரும் ஏற்றத்தில் இறங்கித் தள்ளினார்கள். அவர்கள் பலம் குறைந்தவர்கள் இல்லை, அந்தச் சைக்கிளுக்கு மெதுவாகப் போகத் தெரியாது, அவ்வளவுதான். முன்னால் இருக்கிற பல்சக்கரத்திலும் பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரத்திலும் பற்கள் சமமாக இருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதே நாற்பது சுற்றுக்கு மணிக்கு ஐந்து கிலோமீட்டர். மலைச் சைக்கிள்களில் இருப்பதுபோல முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சின்னதாக இருந்தால் இன்னும் சுகம். அதே வேகத்துக்கு அறுபது சுற்று சுற்றலாம், ஒவ்வொரு மிதிக்கும் முட்டியில் விழுகிற பாரம் குறையும்.

ஆனால் கடையில் என்ன நடக்கிறது? ஐம்பது வயதுக்காரர் உள்ளே போனால் பந்தயச் சைக்கிளைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். எடை எத்தனை கிராம் குறைவு என்று பத்து நிமிஷம் பேசுகிறார்கள். பின்னால் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள். "அது பிகினர்ஸுக்கு சார்" என்று எனக்கே ஒரு பையன் சொன்னான். தம்பி, என் எடையில் நாலு கிலோ குறைக்க எனக்கு வழி தெரியும், செலவும் இல்லை. என் முட்டியை மாற்றத்தான் லட்சக்கணக்கில் ஆகும்.

சின்ன கியர் கிழவர்களுக்கானது என்கிற இந்த எண்ணம் இன்று பிறந்தது இல்லை. பிரான்ஸ் நாட்டுச் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸைத் தொடங்கியவர் ஆன்ரி தெக்ராஞ்சு. கியர் மாற்றுகிற சைக்கிளெல்லாம் நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்குத்தான் என்று 1902-லேயே கேலியாக எழுதியவர். அவர் பொறுப்பில் இருந்தபோது நீண்ட காலம் அந்தப் பந்தயத்தில் கியர் மாற்றும் சைக்கிளை வீரர்களுக்கு அனுமதிக்கவில்லை. அவர் விலகிய பிறகு, 1937-ல்தான் அனுமதித்தார்கள். இன்று கியர் இல்லாமல் அந்தப் பந்தயத்தில் யாரும் ஒரு மலை ஏறுவதில்லை. உலகத்திலேயே பலசாலியான கால்களுக்கு வேண்டியிருக்கிறது, நமக்கு மட்டும் வெட்கமாம்.

இறங்கித் தள்ளுவது கேவலம் என்பவர்களுக்கும் அதே பந்தயத்தில் ஒரு பதில் இருக்கிறது. 1910-ல் முதன்முறையாகப் பிரனீஸ் மலைகளின் உயர்ந்த கணவாய்கள் வழியாகப் பந்தயம் விட்டார்கள். 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயில் அன்றைக்கு இருந்தது கல்லும் மண்ணுமான பாதை. ஒக்தாவ் லாப்பீஸ் என்ற வீரர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். குஸ்தாவ் கரிகு என்பவர் ஒரு தடவைகூட இறங்காமல் ஏறினார், அதற்காக அவருக்கு 100 பிராங்க் பரிசு கொடுத்தார்கள். சரி, அந்த வருஷப் பந்தயத்தையே ஜெயித்தது யார்? தள்ளிக்கொண்டு நடந்த லாப்பீஸ்தான். கரிகுவுக்கு மூன்றாம் இடம். "நிற்காமல் ஏறினேன்" கட்சிக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. கஷ்டப்படாமல் பலன் வருமா, மூச்சு வாங்காவிட்டால் அது என்ன உடற்பயிற்சி என்று கேட்பார்கள். பழகிய உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டுவதை நான் மறுக்கவில்லை. வருஷக்கணக்காகச் சைக்கிள் ஓட்டி, பரிசோதனையும் செய்துகொண்ட ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒரே மூச்சில் ஏறினால் அது அவர் சம்பாதித்தது. ஆனால் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கிடைக்கிற நன்மையில் பெரும்பகுதி, பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேலையிலேயே கிடைத்துவிடுகிறது. இதைச் சொல்லாத டாக்டர் இல்லை. மீதிக் கொஞ்சத்துக்காக, உள்ளே என்ன அடைப்பு இருக்கிறது என்று தெரியாமல் ஒருவரைத் துரத்துவது பயிற்சி ஆகாது, சூதாட்டம். அதுவும் நம் நாட்டுக்காரர்களுக்கு மாரடைப்பு மேலை நாட்டவர்களைவிடச் சில வருஷம் முன்னதாகவே வருகிறது என்பது வைத்திய உலகம் ஒப்புக்கொண்ட விஷயம்.

220-லிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு என்று ஒரு சூத்திரம் சொல்லிக்கொண்டு, கையில் கட்டிய கடிகாரத்தைப் பார்த்தே ஏறுகிறார்கள். 55 வயதுக்கு 165. இது கூட்டத்தின் சராசரிக்கு மட்டுமே பொருந்தும். தனி ஒரு ஆளுக்குப் பத்துப் பதினைந்து துடிப்பு இப்படியோ அப்படியோ இருக்கும். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை போடுகிறவர்களுக்குத் துடிப்பை அந்த மாத்திரையே அடக்கி வைத்திருக்கும், சூத்திரம் பொருந்தவே பொருந்தாது. கடிகாரத்தைவிட நம்பகமான கருவி வாய். பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் நிறுத்தாமல் சொல்ல முடிகிறதா? சரி, போகலாம். இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு இழுக்கிறதா? கியரைக் குறையுங்கள். கியர் எல்லாம் தீர்ந்துவிட்டதா? இறங்குங்கள். இறங்கியவுடன் அப்படியே சிலையாக நிற்காமல் தள்ளிக்கொண்டு நாலு எட்டு நடங்கள். உழைத்துக்கொண்டிருந்த கால் சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும். பல்லைக் கடித்து மூச்சை அடக்கி மிதிப்பதும் கூடாது, அது ரத்த அழுத்தத்தை எகிற வைக்கும்.

சர்க்கரைக்காரர்கள் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நீண்ட ஏற்றத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். அப்போது வருகிற வியர்வையும் நடுக்கமும் ஏறிய களைப்பு மாதிரியே இருக்கும். பையில் குளுக்கோஸோ கடலை மிட்டாயோ இல்லாமல் அடிவாரத்தைத் தாண்டக் கூடாது. இரண்டாவது, நீண்டநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியில்லாமலே வரலாம். காரணமில்லாத மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, தாடையிலோ தோளிலோ இடது கையிலோ இழுப்பு, குமட்டல், இதில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே பயணம் முடிந்தது. வாயு என்று சொல்லி சோடா கொடுப்பவர் உங்களுக்கு வேண்டியவராக இருக்கலாம், டாக்டர் இல்லை. உட்காருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மலை ஆரம்பிக்கும் முன்பே, போடுகிற மாத்திரைச் சீட்டோடு உங்கள் டாக்டரிடம் போய், எனக்கு நடைபயிற்சி மெஷினில் ஓடவிட்டுப் பார்க்கும் பரிசோதனை தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள், இறக்கத்தை இனாமாக வந்ததுபோல நினைக்கிறார்கள். ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து மேலே போனால் இருபது கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஏறியதெல்லாம் இறங்க வேண்டியதுதானே? வேகம் இரண்டு மடங்கானால் அதை நிறுத்த பிரேக் செய்ய வேண்டிய வேலை நாலு மடங்கு. பிரேக்கைப் பிடித்த பிடி விடாமல் இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், நடுவில் இரண்டு மூன்று இடத்தில் நின்று ஆறவிட வேண்டும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போனபிறகு பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும். மணலும் பழத்தோலும் குரங்கும் எந்த வளைவிலும் இருக்கும்.

பஸ் விஷயம் முக்கியம். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன பாதையில் போகாது, உள்பக்கமாக ஒடுங்கி வரும். பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் சந்து தெரிகிறதே என்று நுழைந்தவனுக்கு அந்தச் சந்து மிஞ்சாது. முன்னால் பஸ் திரும்பினால் பின்னாலேயே நின்றுவிடுங்கள். மலைப்பாதை குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை என்பது சட்டம். இறங்குகிற நாம் ஒதுங்கத்தான் வேண்டும். மேலே நனைந்த பனியனோடு இறங்கினால் குளிரில் விரல் மரத்து பிரேக்கே பிடிக்க வராது. ஒரு மெல்லிய ஜெர்கின் பையில் இருக்கட்டும். அதுவும் இல்லையென்றால் டீக்கடையில் ஒரு பழைய பேப்பர் வாங்கி நெஞ்சில் செருகிக்கொள்ளுங்கள். பந்தய வீரர்களே கணவாய் உச்சியில் அதைத்தான் காலங்காலமாகச் செய்தார்கள். கண் மங்கலாக இருந்தால், மழை பிடித்துக்கொண்டால், சைக்கிளை ஒரு டெம்போவில் ஏற்றிவிட்டுக் கீழே வாருங்கள். அதுவும் கணக்கில் வரும்.

குழு நடத்துகிற தம்பிகளிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கோரிக்கைதான். ஒன்று, உங்கள் குழுவில் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் வந்தால் கடைசியில் வருகிறவர் வேகம்தான் குழுவின் வேகம். அவருக்குப் பின்னால் பழக்கமுள்ள ஒருவர் போனும் தண்ணீருமாக வரட்டும். இரண்டு, நேரக் கணக்கையும் பெயர்ப் பட்டியலையும் எங்களுக்குப் போடாதீர்கள். யார் எத்தனை நிமிஷத்தில் ஏறினார் என்று செல்போனில் பட்டியல் வந்த நாளிலிருந்துதான், அறுபது வயதுக்காரர் முப்பது வயதுக்காரரைத் துரத்துகிற கூத்து நடக்கிறது. மூன்று, "விட்டுடாதீங்க சார்" என்று சொல்லாதீர்கள். ஒருவர் நிற்கட்டுமா என்று கேட்டால் அதற்கு ஒரே பதில்தான் உண்டு: "உக்காருங்க சார், நாங்களும் நிக்கறோம்."

வீட்டில் இருக்கிற அம்மாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பயம் நியாயம். ஆனால் சைக்கிளைப் பூட்டி வைப்பதால் பயம் தீராது. நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிற உடம்பில் சர்க்கரையும் அழுத்தமும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். என் நண்பரைப் படுக்க வைத்தது சைக்கிள் இல்லை, மற்றவர்கள் வைத்த வேகம். டாக்டர் சம்மதித்தால் அவருக்குச் சின்ன கியர் உள்ள ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள், கூட ஒரு ஆளை அனுப்புங்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று கேட்டு வையுங்கள். "எத்தனை வளைவு போனீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

கடைசியாக என் வயதுக்காரர்களுக்கு. கொல்லிமலையின் எழுபது வளைவும் ஏற்காட்டின் இருபது வளைவும் நமக்கு முன்னாலும் இருந்தன, நமக்குப் பின்னாலும் இருக்கும். அவற்றை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று யாரும் நமக்கு உத்தரவு போடவில்லை. முதல் மாதம் மூன்றாவது வளைவு வரை போய்த் திரும்புங்கள். அடுத்த மாதம் ஐந்தாவது. நடுவில் இறங்கித் தள்ளுங்கள். பாறை மேல் உட்கார்ந்து சேலத்தைப் பாருங்கள், கீழே எந்தத் தெரு எது என்று கண்டுபிடிக்கவே அரைமணி ஆகும். யாராவது இளவட்டம் பக்கத்தில் உரசிக்கொண்டு போகும்போது, "என்ன சார், தள்ளிக்கிட்டே போறீங்க?" என்று கேட்டால், "ஆமாம்ப்பா, அடுத்த வாரமும் வரணுமில்ல" என்று சொல்லுங்கள்.